முகங்கள்: இரண்டு

கார்த்திகை 3, திங்கள்

விடியத் தொடங்கிய மழை. வயல்வட்டை முழுக்க வெள்ளம், வயலும் வரம்பும் ஒன்று. கிரான் பாதையில் முழங்கால் அளவு. ஆலைக்குப் போகவில்லை.

சனி பத்து மணி, கணக்கியல் கடைசித் தாள். வீட்டிலிருந்தே, கமரா முன்னால். விதிகள்:
– அறையில் தனியாக
– இடையில் எழும்பக் கூடாது
– வேறு ஆள் தெரிந்தால் தாள் இரத்து

விதி எழுதியவர்கள் எங்கள் வீடுகளைக் கண்டதில்லை. இரண்டு அறை, ஒன்று ஒழுகும்.

வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளி குறைந்து பல்கலைக்கழகம் தவறியவளுக்கு இந்த இணைய வகுப்பு ஒன்றுதான் வழி. சித்தியடைந்தால் நகரத்தில் கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. இல்லாவிட்டால் அரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு எழுதியே கிழவியாவேன்.

5, புதன்

ஒத்திகை. மென்பொருள் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போடும். எனக்கு ஒன்று. பின்சுவரில் அப்பாவின் படத்துக்கு ஒன்று. "முகங்கள்: 2."

எனக்கு மூன்று வயதில், யுத்த காலச் சுற்றிவளைப்பில், அப்பாவை வாகனத்தில் ஏற்றிப் போனார்கள். திரும்பவில்லை. படத்துக்கு மாலையில்லை, விளக்கில்லை. வைத்தால் செத்ததாக ஒப்புக்கொண்டதாகும். சுவருக்கு வர்ணம் பூசியபோதும் படத்தைக் கழற்றவிடாமல் சுற்றிவரப் பூசவைத்தார் அம்மா. காணாமல் போனோர் பற்றி விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் படத்தின் பிரதி வாங்கிக் கோப்பில் போட்டார்கள். அவரை ஓர் ஆளாக எண்ணியது இந்த மென்பொருள் மட்டும்.

படத்தைக் கழற்றட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"மேசைய மாத்து புள்ள. அவர மாத்தாத."

ஏறாவூர் ரிஸ்னாவுக்குப் போன். ஒரே வகுப்பு. சிரித்தாள்: "எங்கட ஊட்டுக்கு வாங்களன். ஏழு புள்ளையள் ஓடித் திரியிது. கமராக்குப் பைத்தியம் புடிச்சிரும்."

6, வியாழன்

மேசையைத் திருப்பினேன். பின்னால் வெறும் சுவர். படம் கமராவுக்கு வெளியே.

முகங்கள்: 2.

இரண்டாவது கட்டம் வெறுஞ்சுவரில், நிற்கும் ஆளின் உயரத்தில். ஈரக்கறையாக இருக்கும். வெள்ளைத் துணி கட்டினேன். கட்டம் துணியின் மேல்.

அம்மா கண்டுவிட்டார். "எவடத்துல நிக்கிறார்?"

"ஆருமில்லம்மா. மெசின்ட பிழை."

"கன நேரமா நிக்கிறார் போல." கதிரை ஒன்றைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தார். ஏசினேன்.

கட்டம் கீழே இறங்கியது. கதிரையில் இருக்கும் ஆளின் உயரத்துக்கு.

மூடிவிட்டேன். பிறகு திறக்கவில்லை.

8, சனி

வெள்ளம் இன்னும் ஏறியிருக்கிறது. ஏறாவூருக்கு, ரிஸ்னா வீட்டுக்குக்கூடப் போக வழியில்லை. கதிரையை வெளியே போட்டேன். அம்மா கதவுக்கு வெளியே. உள்ளே தாழ்ப்பாள்.

திரையில் மேற்பார்வையாளர் ஒரு பெண், எந்த நாடோ. ஆங்கிலம். பின்னால் நிற்பவரை வெளியே போகச் சொல்லுங்கள் என்றாள். யாருமில்லை என்றேன். எனக்குத் தெரிகிறார், ஒரு நிமிடம் தருகிறேன் என்றாள்.

நாற்பது விநாடி எண்ணினேன். பிறகு தமிழில், சத்தமாக:

"அப்பா, வெளியில போங்க."

கட்டம் இல்லாமல் போனது. முகங்கள்: 1. நன்றி என்றாள். முதலாவது கேள்வி திறந்தது.

பக்கத்து யன்னலில் அம்மா தெரிந்தார். மழைக்குள், வயல் பக்கம் போய்க்கொண்டிருந்தார். குடை அவர் தலைக்கு மேல் இல்லை. பக்கத்தில், உயர்த்திப் பிடித்திருந்தார்.

எழும்பினால் தாள் இரத்து.

எழுதினேன். மூன்று மணி நேரம். எல்லாக் கேள்வியும்.

இப்போது நாலு மணி. அம்மா வரவில்லை. வயலில் இடுப்பளவுத் தண்ணீர். பக்கத்து வீட்டு மாமா தோணி எடுத்திருக்கிறார். என்னை ஏற்றவில்லை, வீட்டில் நிற்கச் சொன்னார். போகும்போது கேட்டார்:

"தனியவா போனா, புள்ள?"