தலையணை உறையும் மூன்றாவது ஓலையும்

அருப்புக்கோட்டை
11-3-1946

கர்த்தருக்குள் பிரியமான மகன் செல்வதுரைக்கு அப்பா ஞானையா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், பெங்களூரில் நீயும் உன் சோப்புக் கம்பெனி வேலையும் சுகந்தானா. இங்கே மழை இல்லை, கிணற்றில் வாளி தரை தட்டுகிறது, இந்த வருசம் பருத்தி போனது போனதுதான். தங்கச்சி ஜெயக்கொடி கல்யாணத்துக்கு லீவு சொல்லியிருப்பாய், அதை மாற்றிக் கேட்க வேண்டும், காரணத்தை எழுதுகிறேன்.

கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் பாலவனத்தத்திலிருந்து மாப்பிள்ளையின் அத்தை ராஜாத்தி வந்தார்கள். கொடியில் ஜெயக்கொடியின் தலையணை உறை காய்ந்தது, அதில் சிவப்புச் சிவப்பாகத் திட்டு. அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பிள்ளை ரத்தம் துப்புறா, காசநோயை மறைச்சுத் தள்ளிவிடப் பாக்குறீக என்று காபியைத் தொடாமல் எழுந்துவிட்டார்கள். உன் அம்மா, ஐயோ அது ரத்தமில்லை, இருமலுக்குக் கொடுத்த மஞ்சள் பால் சிந்தினது, சோடாவில் ஊறவைச்சேன், தண்ணி இல்லாம ஒரே அலசலா அலசினேன், அதான் சிவந்துபோச்சு என்றாள். அந்த அம்மாள் நம்புகிற வழியாக இல்லை. நீ காலேஜ் லீவில் வந்து நீலத்தாளைப் புளித்தண்ணீரில் முக்கிச் சிவப்பாக்கிக் காட்டினாய் அல்லவா, மஞ்சள் அதற்கு நேர் எதிர், சோடாவோ சுண்ணாம்போ பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் பழையபடி மஞ்சளாகும் என்றாய். நான் எலுமிச்சம்பழத்தை நறுக்கி அவர்கள் கண்ணெதிரே தேய்த்தேன். திட்டுகள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. அந்த அம்மாள் சிரித்துவிட்டார்கள், மன்னிச்சுக்கோங்க சம்பந்தி என்று உட்கார்ந்து காபியும் குடித்து, சந்தோசமாக வண்டி ஏறினார்கள்.

பிறகு உறையை மடிக்கும்போதுதான் பார்த்தேன், ஓரத் தையல் பக்கம் புளியங்கொட்டை அளவு ஒரு திட்டு மாறவில்லை. மிச்சப் பழத்தையும் பிழிந்தேன், மாறவில்லை. ஜெயக்கொடியைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நாளா ரத்தம் வருதுப்பா, கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்னு நெனச்சேன் என்றாள். உன் அம்மா என் வாயைப் பொத்தாத குறைதான், அவுக கண்ணுல படலயே, நமக்கென்ன என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பாதிரி ஐயர் மூன்றாவது ஓலையை வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று வழக்கப்படி கேட்டார். நான் எழுந்து நின்றேன். பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, நிறுத்துங்கள் என்று மட்டும் சொன்னேன். பெண்ணின் தகப்பனே ஆட்சேபம் சொல்லி இந்தக் கோயிலில் யாரும் கேட்டதில்லை. பாலவனத்தத்தார் அப்போதே எழுந்து வண்டி ஏறிப் போய்விட்டார்கள், உன் அம்மாவும் என்னோடு பேசுவதில்லை, சோறு மட்டும் வருகிறது. ஜெயக்கொடி அழவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

மதனப்பள்ளி காசநோய் ஆஸ்பத்திரி உனக்குக் கிட்டத்தான், போய் விசாரித்து அவளுக்கு ஒரு இடம் கேள். கிடைத்ததும் தந்தி அடி, நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி ஜெபத்தில் அவள் பெயரைச் சொல். ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஞா. ஞானையா

பி.கு. தங்கச்சி உன்னைக் கைக்குட்டைகள் வாங்கிவைக்கச் சொல்கிறாள், கருஞ்சிவப்பில் வேண்டுமாம். நீ வெள்ளையே வாங்கு.