ஒரு கடிதத்தின் அடக்கவிலை

2007 ஜனவரி 9

பள்ளிக்கூடச் சமையலறையில் இன்று கறியும் உருளைக்கிழங்கும் மாவுக்குள் வைத்துச் சுட்ட பை. நூற்றெண்பது தட்டு. தட்டுக்கு ஐம்பத்திரண்டு பென்னி அடக்கம். கேரட் விலை ஏறியதால் போன வாரத்தைவிட ஒரு பென்னி கூடுதல். தலைமைச் சமையல்காரி நான்தான் என்பதால் அதற்கு நான் மேலிடத்துக்கு விளக்கம் எழுதவேண்டும். ஒரே ஒரு பென்னிக்கு!

வீட்டுக்கு வந்தால் வங்கிக் கடிதம். கணக்கில் நாலு பவுண்டு குறைந்ததால் தண்ணீர்க் கட்டணத் தவணை திரும்பிவிட்டதாம். அதை எங்களுக்குத் தெரிவித்ததற்கு முப்பத்தெட்டு பவுண்டு அபராதம். என் வீட்டுக்காரன் டெரிக் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் மேசை இழுப்பறைக்குள் தள்ளினான். அந்த இழுப்பறை இப்போது சரியாக மூடுவதில்லை.

எனக்கு ஒரே மண்டைக் குடைச்சல். ஒரு கடிதத்துக்கு முப்பத்தெட்டு பவுண்டு எப்படி அடக்கம் ஆகும்?

ஜனவரி 11

வங்கிக்கு ஃபோன் செய்தேன். ஒரு பையன் எடுத்தான்.

"அது எங்க கட்டணம் மேடம்."

"கட்டணம் தெரியுதுப்பா. அடக்கம் எவ்வளவு? உங்களுக்கு என்ன செலவாச்சு?"

"அதெல்லாம் சொல்றதில்லை மேடம்."

"சொல்றதில்லையா, தெரியாதா?"

பதிலுக்குப் பாட்டுப் போட்டுவிட்டான். பத்து நிமிடம் கேட்டுவிட்டு வைத்தேன்.

ஜனவரி 13

சனிக்கிழமை. கடிதத்தைத் தராசில் வைத்து, தட்டுக்கு விலை போடுவதுபோலவே போட்டேன். தாள் இரண்டு, 2 பென்னி. உறை, 2. மை, 1. ஸ்டாம்ப், 23. ஒரு பெண் பத்து நிமிடம் உட்கார்ந்து தட்டினாள் என்று வைத்தால் என் சம்பளக் கணக்கில் 1 பவுண்டு. பாவம், அவளுக்கு ஒரு டீ, ஒரு பிஸ்கட், 7 பென்னி.

மொத்தம் ஒரு பவுண்டு முப்பத்தைந்து. கீழே "வங்கி சொல்லும் அடக்கம்" என்று ஒரு கட்டம் போட்டு வைத்தேன். காலி.

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றான் டெரிக். இருக்கிறது. துணி காயவேண்டும், மழை விடமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 6

என்கூட வேலை செய்யும் டெனிஸ் கஸ்டர்ட் கிண்டிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, ஊரெல்லாம் அந்த அபராதத்தைத் திரும்ப வாங்குறாங்களாம். ஆறு வருஷத்துக்கு. செலவுக்கு மேல புடுங்கினா அது செல்லாதாம். ரேடியோவுல சொன்னான்."

செலவுக்கு மேல்! அப்படியானால் என் கேள்வியைத்தான் சட்டமும் கேட்கிறது. கஸ்டர்ட் அடிப்பிடித்ததைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை.

நாம் பத்து பவுண்டு அனுப்பினால் வங்கி ஆறு வருடக் கணக்கையும் அனுப்பியே ஆகவேண்டுமாம். அனுப்பினேன்.

மார்ச் 17

ஆறு வருடக் கணக்குத் தாள்கள் ஒரு பெட்டியில் வந்தன. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் போச்சு.

நூற்றுத் தொண்ணூற்றாறு அபராதம். 6,842 பவுண்டு.

கூட்டியது தப்போ என்று மூன்று தடவை கூட்டினேன். தப்பில்லை. எல்லாம் 2003 நவம்பரில் தொடங்குகிறது. டெரிக் மீன் லாரியில் பெட்டி தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு வேலை போன மாதம். அந்த மாதம் குறைந்தது ஆறே பவுண்டு. அதற்கு முப்பது பிடித்தார்கள். அந்த முப்பது இல்லாததால் அடுத்த மாதம் காஸ் தவணை திரும்பியது, அதற்கு இன்னொரு முப்பது. அப்படியே குட்டி போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. நானோ இத்தனை வருஷம் எனக்குக் குடும்பம் நடத்தத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. கோபத்தில்தான்.

மார்ச் 24

இலவச ஆலோசனை நிலையத்தில் லெக் என்ற பெரியவர், காது மந்தம். அவர் சொன்னது இது. ஐயாயிரத்துக்குள் கேட்டால் சின்ன வழக்கு, தோற்றாலும் எதிராளியின் வக்கீல் செலவு நம் தலையில் விழாது. ஐயாயிரத்தைத் தாண்டினால் பெரிய வழக்கு, தோற்றால் விழும். மிச்சத்தை விட்டுக்கொடுத்து ஐயாயிரத்தோடு நிறுத்தலாம். இரண்டாக உடைத்துப் போட முடியாது.

"பெரிய வழக்குல வேற என்ன வித்தியாசம்?" என்று கத்திக் கேட்டேன்.

"காகிதத்தை ரெண்டு பக்கமும் தொறந்து காட்டணும்மா. அவங்க செலவுக் கணக்கு உட்பட."

திறந்து காட்டணுமா! எனக்கு அப்போதே கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 25

சண்டை.

வீட்டுக் கடனில் 4,100 பாக்கி. ஜூன் முடிவதற்குள் கட்டாவிட்டால் வீட்டை எடுத்துக்கொள்வதாகக் கடிதம் வந்தாயிற்று. டெரிக் சொல்வது நியாயம்தான். "ஐயாயிரம் போதும் மார்லீன். பாக்கி கட்டி மிச்சமும் இருக்கும். எதுக்கு வம்பு?"

"மிச்சம் ஆயிரத்து எண்ணூறும் நம்ம பணம்தானே?"

"பணத்துக்காகவா நீ பேசுற? பொய் சொல்லாத. உனக்கு வீடு வேணுமா, பதில் வேணுமா? அதைச் சொல்லு முதல்ல."

ரெண்டும் என்றேன். அவன் எழுந்து போய்விட்டான். இங்கே மட்டும் எழுதுகிறேன் — பதில்தான் முதலில் வாய்க்கு வந்தது. என்ன பொம்பளை நான்?

மார்ச் 28

பேச்சுவார்த்தை இல்லை. டீ மட்டும் போட்டு வைக்கிறான்.

ஏப்ரல் 2

முழுத் தொகைக்கும் நீதிமன்றத்தில் கட்டணம் இருநூற்றைம்பது பவுண்டு. எங்கே போவேன்? இதோடு தலைமுழுகலாம் என்று இருந்தேன். மாலையில் மேசைமேல் ஒரு உறை, உள்ளே இருநூற்றைம்பது. பின்கட்டுக் கொட்டகையைப் பார்த்தேன். அவனுடைய தூண்டில்கள் மூன்றும் இல்லை. இருபது வருஷத் தூண்டில்கள்.

"ஏன் வித்த?"

"நீ குடைஞ்சுக்கிட்டே இருப்ப. என்னால ஆயுசுக்கும் அதைக் கேக்க முடியாது."

அவ்வளவுதான் சொன்னான். நல்ல மனுஷன். இதைச் சொன்னால் தலைக்கேறும், சொல்லவில்லை.

ஏப்ரல் 26

வழக்குப் போட்டதும் வங்கி மூவாயிரம் தருகிறதாம். "நல்லெண்ணத்தின் பேரில்." நல்லெண்ணத்துக்கு அடக்கம் என்னவோ! பாக்கிக்கே காணாது. மாட்டேன் என்று எழுதினேன்.

மே 22

நீதிபதியின் உத்தரவு. ஐயாயிரத்தைத் தாண்டியதால் பெரிய வழக்குதான். ஒவ்வொரு அபராதத்துக்கும் உண்மையில் என்ன செலவானது என்ற விவரத்தை வங்கி ஜூன் 20 மாலை நான்கு மணிக்குள் கொடுக்கவேண்டும்.

சமையலறையில் உரக்கப் படித்தேன். டெனிஸ் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினாள். அவளுக்கும் ஆயிரத்து நூறு பவுண்டு போயிருக்கிறது. தனியாக இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சமாளிக்கிறவள்.

"நீயும் போடேன்டி."

"உங்க பதில் வரட்டும்க்கா. அதைக் கையில வச்சுக்கிட்டுப் போடுறேன். அப்ப யாரும் என்னை ஏய்க்க முடியாது."

ஜூன் 11

ஒன்பது நாள். தூக்கமில்லை. வீட்டுக் கடன்காரன் நேற்று ஃபோன் செய்தான். டெரிக் எடுத்தான், என்ன சொன்னான் என்று சொல்லமாட்டேன் என்கிறான்.

ஜூன் 19

ஸ்பாஞ்ச் கேக் அடுப்பில் இருக்கும்போது ஆபீஸ் அறை ஃபோனுக்கு வரச் சொன்னார்கள். வங்கியின் வக்கீல், மிஸ் ஹார்கிரேவ் என்ற பெண். குரல் சின்ன வயது.

முழுப் பணம். 6,842. வட்டி, வழக்குக் கட்டணம் எல்லாம் சேர்த்து. தப்பை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். நான் வழக்கை வாபஸ் வாங்கவேண்டும், இன்று மாலைக்குள்.

"நாளைக்குத்தானே அந்தக் கணக்கைக் காட்டணும்?" என்றேன்.

"ஆமாங்க."

"அதை மட்டும் சொல்லிடும்மா. எவ்வளவு ஆகுது? எழுதிக்கூடக் கொடுக்க வேண்டாம். வாயால சொல்லு, இப்பவே சரின்னுடறேன்."

மெல்லச் சொன்னாள். "சத்தியமாத் தெரியாதுங்க. நானும் கேட்டேன். எனக்கே சொல்லல."

ஒரு மணிநேரம் தவணை கேட்டு வீட்டுக்கு நடந்தேன். டெரிக் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தான். இடுப்பு விட்டால்தானே மேலே ஏற. விஷயத்தைச் சொன்னேன். வாங்கிக்கோ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உன் இஷ்டம்"னு மட்டும் சொன்னான். வீட்டுக் கடன் கடிதத்தை மடிச்சு மடிச்சு விரிச்சுக்கிட்டிருந்தான். நான் பாத்தேன்.

ஃபோன் செய்து சரி என்றேன்.

ஜூன் 28

பணம் வந்தது, வேறு வங்கியில் திறந்த புதுக் கணக்கில். வீட்டுப் பாக்கி முழுக்கக் கட்டியாயிற்று. மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் வாங்கித் தின்றோம். தூண்டில் வாங்கு என்றேன். ஒன்று போதும் என்கிறான்.

சந்தோஷம்தான். ஆனால் அந்த "வங்கி சொல்லும் அடக்கம்" கட்டம் காலியாகவே இருக்கிறது.

ஜூலை 9

டெனிஸ் பதிலுக்குக் காத்திராமல் வழக்குப் போட்டுவிட்டாள். அவளுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். என்ன செலவு என்ற இடத்தில் என் ஒரு பவுண்டு முப்பத்தைந்தைத்தான் எழுதமுடிந்தது.

ஜூலை 27

ரேடியோ. பெரிய வங்கிகள் எல்லாம் உயர் நீதிமன்றத்துக்குப் போகின்றனவாம். ஒரு முடிவு வரும்வரை நாட்டில் இந்த அபராத வழக்குகள் அத்தனையும் நிறுத்திவைப்பு. வருஷக்கணக்கில் ஆகலாம்.

டெனிஸுக்கு ஃபோன் செய்யக் கை வரவில்லை.

செப்டம்பர் 4

பள்ளிக்கூடம் திறந்தது. ரொட்டித்தூள் தடவிய மீன் துண்டுகள், பட்டாணி, நாற்பத்தொன்பது பென்னி. டெனிஸ் வழக்கம்போல வந்தாள், வழக்கம்போலப் பட்டாணி வடித்தாள். பாத்திரம் தேய்க்கும்போதுதான் கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க முடியாதுன்னு சொல்லியிருந்தா, மறுநாள் அவங்க சொல்லித்தானே ஆகணும்?"

"தெரியலடி. சொல்லியிருக்கலாம்."

"ம்." கொஞ்சநேரம் தேய்த்தாள். "நான்னாலும் வாங்கியிருப்பேன்க்கா. வீடாச்சே." பிறகு ஏப்ரனில் கையைத் துடைத்து, உறையோடு மடித்த வங்கிக் கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். நேற்று வந்ததாம். மூன்று பவுண்டு குறைந்ததாம். முப்பத்தெட்டு.

தராசில் வைத்தேன். தாள் இரண்டு, உறை ஒன்று, அதே எடை. ஸ்டாம்ப் மட்டும் ஒரு பென்னி ஏறியிருக்கிறது.