ரூ காய் சேலைக்கடை

லா சப்பல், பரிஸ்
ஒக்டோபர் 2024

அன்பு மகள் றொஷானிக்கு,

அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், பிரெஞ்சுக் கயானா வெயிலில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க மடுமாதாவை மன்றாடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், அந்தக் காலோடு இன்னும் ரெஸ்ரோறன்ட் குசினியில் நிற்கிறார், சொன்னால் கேட்பதில்லை. நீ வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண் கைதிகளை வைத்திருந்த இடத்தைப் பார்த்ததாக எழுதியிருந்தாய். கல்யாணம் கட்டினால் காணி தருவோம் என்று ஆசை காட்டி இங்கிருந்து கப்பலேற்றினார்களாம், கனபேர் அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனார்களாம். வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் சனத்தையும் அப்படி ஆசை காட்டித்தானே பஸ்ஸில் ஏற்றினார்கள்.

2009 இல் உனக்குப் பத்து வயது, அப்பா முன்னமே பரிஸ் வந்துவிட்டார். சண்டை முடிந்து வெளியே வந்த சனத்தைக் கம்பிவேலிக்குள் நிறுத்தி, இயக்கத்தில் ஒருநாள் இருந்தவையும் வந்து பதியுங்கோ, விசாரிச்சிட்டு வீட்டை விடுவம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நானும் சின்னம்மா மெற்றில்டாவும் போகவில்லை. நான் இயக்கத்தின் தையல்கூடத்தில் சம்பளத்துக்குத் தைத்தவள், அவளை அந்த மாசியில்தான் இயக்கத்துக்குக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடித்துக்கொண்டு போனவன் கிறிஸ்தோப்பர். அதே கிறிஸ்தோப்பர்தான் அன்றைக்கு ஆமிக்காரனுக்குப் பக்கத்தில் நின்று எங்கள் இருவரையும் கைகாட்டினான். நீ என் சட்டையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாய். உன்னைப் பெரியம்மா இழுத்து எடுத்தாள். பெண்களை மட்டும் ஏற்றிய பஸ், ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. வழியில் ஒரு சந்தியில் நிறுத்தி மெற்றில்டாவையும் இன்னும் சிலரையும் இறக்கினார்கள். அக்கா, நான் பின்னாலை வாற பஸ்ஸிலை வாறன், பிள்ளையை நினைச்சு அழாதை என்றாள். எங்களை அடைத்த தடுப்பு முகாமில் இருந்த காலம் முழுக்க வந்து நின்ற ஒவ்வொரு பஸ்ஸையும் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

அந்தக் கிறிஸ்தோப்பர் போன ஆவணியில் இங்கே ரூ காய் தெருவில் கல்யாணச் சேலைக்கடை திறந்திருக்கிறான். நான் மீன் வாங்கப் போனவள், வாங்கோ அக்கா, உள்ளை வந்து பாருங்கோ என்ற குரலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். என்ரை தங்கச்சியை எங்கை கொண்டுபோனவங்கள் என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். ஆளை மாறிக் கதைக்கிறியள் என்றான். பிறகு அந்த பஸ்ஸில் வந்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்தேன், பரிஸுக்கு வெளியே ஒருத்தி பொண்டியில், மற்றவள் லா கூர்னெவில். சனிக்கிழமைகளில் மூவரும் மெற்றில்டாவின் படத்தோடு கடைக்கு எதிரே நிற்போம். கத்துவதில்லை. கூறை எடுக்க வரும் தாய்மாரிடம் இவன் ஆர் என்று சொல்லுவோம், அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். அவன் மனைவி வந்து, பிள்ளையள் படிக்குதுகள் அக்கா, விடுங்கோ என்று அழுதாள். சுவாமியார் மன்னிக்கச் சொன்னார். மன்னிக்கிறதெண்டால் மெற்றில்டாவல்லோ வரவேணும் சுவாமி என்றேன். கடைசியில் அவனே வந்தான். எங்கள் வீட்டுப் படியில் குந்தியிருந்து, உங்களைக் காட்டிக் குடுக்காட்டில் என்னைச் சுட்டிருப்பாங்கள், பிறகு அவைக்கு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது என்று அழுதான். நான் எழும்பச் சொல்லவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது, அதை ஏன் ஒளிக்கவேணும். இப்போது கடை பூட்டிக் கிடக்கிறது. அது எனக்குக் காணாது.

வழக்குப் போடலாமோ என்று கேட்க ஒரு அவொக்காவிடம் போனோம். மற்ற இருவரும் பஸ்ஸுக்குள் இருந்தவர்கள், அவன் எங்களைக் கைகாட்டியதைக் காணவில்லை, கண்ட சாட்சி இன்னொன்று வேண்டும் என்கிறார். விடுங்கோ அம்மா, கனகாலம் போட்டுது என்று நீ ரெலிபோனில் சொன்னாய். நான் கோபிக்கவில்லை. ஆனால் கண்டவள் நீதான். நான் சொன்னால் அதை வேறு ஒருவன் மொழிபெயர்க்க வேண்டும், நீ நீதவானின் முகத்தைப் பார்த்துப் பிரெஞ்சிலேயே சொல்லுவாய். மார்கழியில் நத்தார் லீவுக்கு வா. அவனை விலங்கு போட்டுப் பொலிஸ் வானில் ஏற்றுவதை நான் ரோட்டில் நின்று பார்க்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, நுளம்புவலைக்குள் படு. ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார். ஒன்றை மட்டும் மறக்காதே, வருகிற மரித்தோர் திருநாளில் சின்னம்மாவுக்கு மெழுகுதிரி கொளுத்தாதே. அவள் செத்துவிட்டாள் என்று இன்றுவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
ஞா. லூசியா