பெயருக்குக் கீழே விட்ட இடம்

இராயபுரம்,
12 ஆகஸ்டு 1934

அன்பு மகள் ஃப்ளோராவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் அம்மாவும் நானும் கடையும் சுகம், அந்த டில்லிப் புழுக்கத்தில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்கள் நினைப்பு. உன் கடிதம் வந்தது. பிரசவப் பிரிவு டாக்டர் வேலைக்கு அத்தனை பேர் முட்டி மோதியும் உனக்கே கிடைத்ததைப் படித்து அம்மா அழுதாள், அதை விட்டுவிட்டு யாரும் எட்டிப் பார்க்காத எக்ஸ்ரே அறைக்குப் போகட்டுமா என்று நீ கேட்டிருந்ததைப் படித்து மறுபடியும் அழுதாள். எனக்கும் முகம் விழுந்துவிட்டது. நம் ஆட்கள் சரக்கு வருமுன்னே போர்டு எழுதுகிறவர்கள் அல்லவா, நானும் 'டாக்டர் ஃப்ளோரா', அதற்குக் கீழே 'பிரசவ வைத்தியம்' என்று எழுதி வாங்கிக் கடைக்குள் சாத்தி வைத்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும், ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த ஜேக்கப் பெரியப்பாவிடம் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு, ஏல, நான் வேலைக்குச் சேர்ந்தப்போ பிரசவ வார்டுன்னாலே ஓடி ஒளிவானுவ, தீட்டு வேலைம்பானுவ, இன்னைக்கு அதுக்குத்தான் அடிதடி, நாளைக்கு ஒம் மக அறைக்கு முன்னால வந்து நிப்பானுவ என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஊரிலிருந்து வந்த நம்மவர்கள் வண்ணாரப்பேட்டையில் பலசரக்குக் கடை போட்டபோது நான் மட்டும் துறைமுகத்தை நம்பிக் கப்பல் கயிறும் தாரும் விற்க உட்கார்ந்தேன், பைத்தியம் என்றார்கள். இன்று அவர்களில் பாதிப் பேர் என் பக்கத்திலேயே கயிறு விற்கிறார்கள். இந்தப் பிடிவாதம் என் ரத்தமடி, எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. எக்ஸ்ரே அறைக்கே போ.

பெயின்டர் வரதனைக் கூப்பிட்டு பிரசவ வைத்தியத்தை அழிக்கச் சொன்னேன். அதுக்குப் பதிலா இன்னா எழுதணும் நைனா என்றான். ஒன்றும் வேண்டாம், இடம் மட்டும் விடு என்றேன். போர்டை இப்போது கடைவாசலில் மாட்டிவிட்டேன், கீழே ஏன் காலி என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அலுக்காமல் பதில் சொல்கிறேன்.

அந்த எக்ஸ்ரே கதிர் கையைப் புண்ணாக்கிவிடும் என்று பெரியப்பா சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. ஈயக் கையுறை போடாமல் உள்ளே நுழையாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. போர்டில் விட்ட இடத்தில் நீ வந்துதான் எழுத வேண்டும், அந்தக் கையைப் பத்திரமாக வைத்துக்கொள்.

உன் அப்பா,
அய்யாத்துரை