அம்மா சொல்லிவைத்த பார்கவன் நாவல்

குவைத்,
14.6.1998

நைனாவுக்கு மகன் கோவர்த்தனன் வணங்கி எழுதுவது. முட்டிவலி எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை. தலையில் முடி குறைந்ததைத் தொப்பை சரிக்கட்டுகிறது.

எங்கள் அறையில் நேற்று ஒரே ரகளை. நாவல்களில் வரும் உளவாளி பார்கவனின் வாலிப வயதுக் கதை, இதுவரை வந்த எல்லாவற்றுக்கும் முந்தையது, அடுத்த மாதம் புத்தகமாக வருகிறதாம். அவனை முதலில் காட்டிக்கொடுத்தது யார் என்பது அதில்தான் தெரியுமாம்; யாராக இருக்கும் என்று ஆறு பேரும் சண்டை. பிச்சாட்டூர் ஹரிபாபுவுக்குப் பெண் பார்க்கிறார்கள். அதனால் பொண்டாட்டியாக இருக்கவே கூடாது என்பது அவன் கட்சி.

"நீ சொல்லுண்ணா, யாரு?" என்றான்.

"இருடா, எங்கம்மாவக் கேட்டு எழுதறேன்" என்றேன், பழக்கத்தில்.

அம்மா போய் நாற்பது நாள் ஆனதும், லீவு கிடைக்காமல் நான் வராததும் எல்லோருக்கும் தெரியும். ஹரிபாபு சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளி, "துன்னுண்ணா, ஆறிப்பூடும்" என்றான். நீங்கள் சிரிப்பீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு உதவி. கடைசியாகத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் அம்மா அந்த நாவலுக்குச் சொல்லிவைத்தாளாம். வந்ததும் வாங்கி அனுப்புங்கள். அதற்குமுன், படிக்காமலே, துரோகி யார் என்று பின்அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். அம்மா அப்படித்தான் எழுதி அனுப்புவாள்.

வேன் ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன். தப்பாக எழுதினாலும் பரவாயில்லை நைனா. அம்மா ஒரு தடவைகூடச் சரியாக எழுதியதில்லை.

கோவர்த்தனன்