உம்முடைய பெயரில் ஒரு கோப்பை

நண்பரே,

நேற்று ஐசலினில், ஓக் ட்ரீ ரோட்டுத் தேநீர்க் கடையில், எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. மழை, சேறான கால்பந்து மைதானம், நீர் சறுக்கி விழுகிறீர், பந்து உம்முடைய காலில் பட்டு உம்முடைய அணியின் வலைக்குள்ளேயே போகிறது: ஓன் கோல். யாரோ அதற்குச் சிரிப்பொலி வேறு சேர்த்திருக்கிறார்கள்.

கோடைப் போட்டியில் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கு உம்முடைய பெயரில் ஒரு கோப்பை வைக்க வேண்டும் என்று சங்கத்தில் கேட்டிருந்தேன். அதற்கு வந்த பதில்தான் அந்தப் போன்.

"அங்கிள், அவர் பேரைத் தேடினா ஃபர்ஸ்ட் இதுதான் வருது. இந்தப் பேரைக் கப்ல போட்டா சிரிக்க மாட்டாங்களா?"

நான் எழுந்து போகவில்லை. அப்படிப் போகிற ஆள் இல்லை என்பது உமக்குத் தெரியும்.

உம்முடைய நாட்டு மரிபோரில் தொடங்கி, லுப்லியானா, ஆஸ்திரியாவின் இரண்டாம் பிரிவு, சைப்ரஸ், கடைசியில் இங்கே நியூ ஜெர்சியில் ஒரு சின்னக் கிளப். பந்தாடியே சோறு தின்றீர். பெரிய கிளப் எதுவும் உம்மைத் தேடி வரவில்லை. ஆனால் போன இடத்தில் எல்லாம் அடுத்த வருடமும் இருக்கச் சொன்னார்கள். கோலுக்கு மட்டும் கைதட்டுகிறவர்களுக்கு இதன் பெருமை விளங்காது. நீர் நன்றாக ஆடிய நாட்களில் உம்முடைய பக்கத்தில் ஒன்றுமே நடக்காது. நடக்காத ஒன்றை யார் படம் பிடித்துப் போனில் போடுவார்கள்?

கிளப்பை விட்ட பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமை அணிக்கு வந்தீர். யாழ்ப்பாணத்தாரும் சென்னைக்காரரும் கலந்த, தொப்பை விழுந்த அணி. என் ஆட்டம் எவரும் சொல்லித் தராமல் நானே பார்த்துப் பழகியது; அதனால் எவர் சொல்லும் கேட்பதில்லை. எதிரணிக்காரன் எங்களைத் தாண்டினால் நின்ற இடத்திலேயே கையைத் தூக்கி, ஆஃப்சைட், பிழையான இடத்தில் நிற்கிறான் என்று கத்துவேன். நீர் வாய் திறக்காமல் என்னைக் கடந்து ஓடுவீர். ஒருநாள் இடைவேளையில் என்னைத் தனியே இழுத்துப் போய், என்னுடையதைப் போலவே அரைகுறையான உம்முடைய ஆங்கிலத்தில் சொன்னீர்: "கொடி தூக்குவது லைன்ஸ்மனின் வேலை. ஓடுவது என் வேலை." கன நாள் உம்மோடு சண்டை பிடித்தேன். பிறகு நானும் ஓடத் தொடங்கினேன். நீர் சொன்னதற்காக அல்ல, எனக்கே சரி என்று பட்டதற்காக.

ஆட்டம் முடிந்து, கார் நிறுத்துமிடத்தில் கொத்து ரொட்டியைப் பகிர்ந்து தின்றபோது, அந்தக் கோலைப் பற்றி நேராகவே கேட்டேன். "நான் அடித்த கோல்களில் அதுதான் அழகானது" என்றீர். நான் சிரிக்கவில்லை. விடாமல் கேட்ட பிறகுதான் நடந்தது வந்தது. எதிரணிக்காரன் ஆஃப்சைட் என்று நம்பி, உம்முடைய தடுப்பு வரிசையில் மற்ற மூவரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார்கள். லைன்ஸ்மனின் கொடி உயரவில்லை. மறு ஓரத்திலிருந்து நீர் மட்டும் தடுக்க ஓடி வந்தீர். அந்த மூவரின் பெயரைக் கேட்டேன். "நல்ல பையன்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு மிச்ச ரொட்டியை வழித்துத் தின்றீர். அவர்கள் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

போன மார்கழியில் உம்முடைய மனைவி அழைத்து, நீர் தூக்கத்திலேயே போய்விட்டீர் என்று சொன்னபோது நான் அழவில்லை. நேற்றுத்தான் கண் கலங்கியது, அதுவும் ஆத்திரத்தில்.

"தம்பி, அதை இன்னொருக்காப் போடும்," என்றேன் தலைவரிடம். "இந்த முறை அவரைப் பாக்காதையும். மற்ற மூண்டு பேரையும் பாரும்."

போட்டார். எங்கள் செயலாளர், மகளிர் அணியில் தடுப்பில் ஆடுகிற பெண், போனை வாங்கி ஒலியை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தாள்.

"இவர் வரலன்னாலும் அது கோல்தானே? அந்த ஃபார்வர்ட் சும்மா தட்டி விட்டிருப்பான்."

"ஓம்," என்றேன்.

"அப்போ நின்னவங்க மேல ஒண்ணும் இல்ல, ஓடினவர் பேர்ல ஓன் கோல். நல்லா இருக்கு நியாயம்."

தலைவர் அதற்குப் பிறகும் விடவில்லை. தமிழர் அல்லாதவர் பெயரை எப்படி வைப்பது என்றார். எங்கள் அணிக்காக நீர் மூட்டு வீங்க வீங்க ஆடியபோது உம்மை எவரும் அப்படிக் கேட்கவில்லையே என்றேன். வாதாடினால் அவர் களைத்துப் போவார், நான் களைப்பதில்லை. இரண்டாவது தேநீர் ஆறுவதற்குள் ஒத்துக்கொண்டார்.

ஞாயிறு காலைகளில் நான் இன்னும் ஆடுகிறேன். வேகம் இல்லை. பிள்ளைகள் இந்த வயதில் எதற்கு என்கிறார்கள். ஆனாலும் ஒருவன் தாண்டிவிட்டால் என் கால்கள் என்னைக் கேட்காமலே கிளம்பிவிடுகின்றன.

கோப்பையில் பெயரைப் பார்த்து, ஓன் கோல் அடித்தாரே அவரா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நான் மறைக்கப் போவதில்லை. ஓம், அவர்தான் என்பேன். அன்றைக்கு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது அவர் ஒருவர்தான் என்பேன்.