பன்னிரண்டு மீன், நான்கு பேர்

நவ. 12, 1962. திங்கள்.
விடிந்ததிலிருந்து தூறல். கரும்பலகை வியர்த்து, சாக்பீஸ் வழுக்கியது. மூன்றாம் வகுப்புக்கு வகுத்தல் தொடக்கம். பன்னிரண்டு மீன், நான்கு பேர், ஆளுக்கு எத்தனை? எல்லாரும் மூன்று. குப்பத்து அஞ்சலை மட்டும் இரண்டு. சிலேட்டில் தப்பு போட்டு நீட்டினேன். வாங்கவில்லை.
"கட்டுமரத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. ஆறு பங்கு டீச்சர்."
பின்வரிசை லட்சுமி: "மரம் இன்னா சோறா துன்னுது?"
"கயிறு அறுந்தா உங்கப்பனா வாங்கித் தருவான்? போடி."
வகுப்பே சிரித்தது. தப்பை முந்தானையால் துடைத்தேன்.
மண்ணெண்ணெய். நிர்மலாவுக்கு இருமல் மருந்து. குடைக்கம்பி.

நவ. 13. செவ்வாய்.
ஊர் கைமாறிய பிறகும் தனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்று அவர் நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டார். இன்றுதான் சொன்னார், சட்டையைக் கழற்றிக்கொண்டே. பிரெஞ்சு தேசத்துத் தூலோனில் அவர் அண்ணன் வேலை பார்த்து வைத்திருக்கிறாராம். பொங்கல் கழிந்து கப்பல்.
"நம்ம நிர்மலா?"
"பதினெட்டு ஆவல இல்ல? அப்பன் எழுதுனா அவளுக்கும் சேத்துதான். சட்டம்."
"நான்?"
"நீ ஸ்கூல வுட்டு வரமாட்ட. எனக்குத் தெரியாதா?"
கேள்வியும் அவரே, பதிலும் அவரே. ரசத்துக்கு உப்பு போட மறந்திருந்தேன். அதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

நவ. 16. வெள்ளி.
நல்ல மழை. பாதிப் பிள்ளைகள் வரவில்லை.
மதராஸில் கணிதம் படித்து பி.ஏ. வாங்கியவள். பதினெட்டு வருஷமாக வகுத்தல் சொல்லிக்கொடுக்கிறேன். எத்தனையால் வகுப்பது என்பதை நானே பலகையில் எழுதிவிடுவேன். அந்த எண் எங்கிருந்து வருகிறதென்று யோசித்ததில்லை. எட்டு வயது அஞ்சலைக்குத் தெரிகிறது. யார் யாருக்குப் பங்கு என்று முதலில் முடிவாக வேண்டும். கணக்கே அங்கேதான். பிறகு வருவது வெறும் கைவேலை.
அங்கே மரத்துக்கு உண்டு, வலைக்கு உண்டு. இவர் போட்ட கணக்கில் பெற்றவளுக்கு இல்லை.
இன்று அஞ்சலையே கேட்டாள்: "ஒரே மீனு, ரெண்டு பேரு. அப்போ டீச்சர்?" பின்னம் இன்னும் நடத்தவில்லை. ஆளுக்கு ஒன்றுமில்லை, மீதி ஒன்று என்றேன்.
"ஜலதோஷமா டீச்சர்? கொரலு ஒரு மாரியா கீது."

நவ. 18. ஞாயிறு.
மழை விட்டது. அவர் தவளக்குப்பம் போயிருந்தார். நிர்மலாவுக்குத் தலைவாரி விட்டேன். மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். "நீ எங்கூடவே இருந்துடு. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."
"அப்பாவும் கேக்கல. நீயும் கேக்கலியேம்மா, நான் இன்னா நெனைக்கிறேன்னு."
சீப்பு நின்றுவிட்டது. உண்மை. நானும் அவரையும் என்னையும் மட்டுமே எண்ணியிருந்தேன்.
"சொல்லு."
முகத்தைத் திருப்பாமல்: "எனக்குப் போவணும்மா."
பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன். அங்கே குளிராம். கம்பளி நூல் வாங்க வேண்டும், நீலம். ஸ்வெட்டருக்கு அளவெடுக்க நிற்கச் சொன்னேன். கை, நான் நினைத்திருந்ததைவிட இரண்டு விரற்கடை நீளம்.